நீர்வண்ண ஓவியங்களும் வரைந்த கட்டடக் கலைஞர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

சார்லஸ் ரெனி மெக்கின்டாஷ். இந்தக் கேள்விக்கு எனக்கு வேறு பெயர் வராது.

கேள்வியின் கீழே, “வேலை கிடைக்காத காலத்தில் இவர்கள் வரைந்ததை ஒரு பொழுதுபோக்காகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். மெக்கின்டாஷைப் பற்றி எழுதுகிறவர்களில் பலரும் கிட்டத்தட்ட அப்படித்தான் கதையை முடிக்கிறார்கள். பெரிய கட்டடக் கலைஞர், வாய்ப்புகள் வற்றிப்போய்க் கடைசியில் பிரான்ஸுக்குப் போய்ப் படம் வரைந்து காலத்தைத் தள்ளினார் என்று. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. என்னைப் பொறுத்தவரை அந்தப் படங்களும் அவருடைய கட்டடங்கள்தான்.

நான் வேலூரில் சத்துவாச்சாரி பக்கம் ஒரு சின்ன அலுவலகம் வைத்து வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டை அகழிக்கரையில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டுவேன். இந்த இரண்டு வேலையையும் செய்கிறவன் என்ற இடத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1868-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தார். 1884-இல் ஒரு கட்டடக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்து, மாலை நேரங்களில் அந்த ஊர் ஓவியப் பள்ளிக்குப் போய் வரையக் கற்றார். அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயதில் ஆரம்பித்தவை. 1890-இல் ஒரு பயண உதவித்தொகை கிடைத்து, அடுத்த வருடம் இத்தாலி முழுவதும் சுற்றினார். தேவாலயங்களையும் கோபுரங்களையும் பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் வரைந்து குவித்தார். அப்போது அவர் சொந்தமாக ஒரு பெரிய கட்டடமும் கட்டியிருக்கவில்லை. ஓவியம் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறவர்கள் இந்த 1891-ஐ மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் அவருடைய பெரிய காலம். கிளாஸ்கோ ஓவியப் பள்ளிக் கட்டடம் 1897-இல் தொடங்கி இரண்டு கட்டமாக 1909 வரை எழுந்தது. செங்குத்தான சரிவில் நிற்கும் கட்டடம் அது. வடக்குப் பக்கம் முழுக்க ஓவியக் கூடங்களுக்கான பெரிய பெரிய சன்னல்கள், உள்ளே இருண்ட மரத்தூண்கள் நிற்கும் நூலகம். 2014-இல் தீப்பிடித்து நூலகம் போனது. சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2018-இல் இரண்டாவது தீ, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இதை எழுதும்போது கூட மனசு கனக்கிறது.

கேத்தரின் கிரான்ஸ்டன் என்ற பெண்மணிக்கு அவர் செய்துகொடுத்த தேநீர் விடுதிகளும் உண்டு. அதில் 1903-இல் திறந்த வில்லோ தேநீர் விடுதி ரொம்பப் பேசப்படுவது. நாற்காலி, விளக்கு, ஸ்பூன், கண்ணாடிக் கதவு என்று கண்ணில் படும் கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் அவர் வரைபலகையில் இருந்து வந்தது. கிளாஸ்கோவுக்கு அருகே ஹெலன்ஸ்பரோ என்ற ஊரில் வால்டர் பிளாக்கி என்ற பதிப்பாளருக்குக் கட்டிய ஹில் ஹவுஸ் வீட்டில், வெள்ளைச் சுவரோரம் ஒரு கறுப்பு நாற்காலி நிற்கும். நாலரை அடிக்கு மேல் உயரம், முதுகு முழுக்க ஏணிப்படி மாதிரி குறுக்குக் கட்டைகள். சாய்ந்து உட்கார அது எந்த வகையிலும் வசதி இல்லை. அந்த வெள்ளை அறைக்கு ஒரு நெடுங்கோடு தேவைப்பட்டது, அதற்காக அதை நிறுத்தியிருக்கிறார். ஓவியர் யோசிக்கிற யோசனை அது.

1913-இல் அவர் கூட்டாளியாக இருந்த நிறுவனத்தை விட்டு வெளியே வந்தார். 1914-இல் மனைவி மார்கரெட் மெக்டொனால்டுடன் இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில் வால்பர்ஸ்விக் என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே வரைந்த பூக்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என் கட்சி அங்கேதான் முதலில் நிற்கிறது.

அந்தப் பூக்களில் பென்சில் கோடுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. ஒரே செடியை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவார். ஒரு இதழுக்குப் பின்னால் இருக்கும் தண்டும் அந்த இதழின் ஊடாகத் தெரியும். வண்ணம் சில இடங்களில் மட்டும் மெல்லிய வாஷாக, அதாவது நீர்த்த வண்ணப் பூச்சாக விழும், மற்ற இடம் வெறும் கோடு. நாங்கள் அலுவலகத்தில் ஒரு வீட்டை மேலிருந்து, எதிரிலிருந்து, குறுக்கே வெட்டிப் பார்க்கிற பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றையும் ஒரே ஷீட்டில் போடுவோம் இல்லையா, அதே கண். வீட்டுக்குப் பதில் செடி. 1915-இல் வரைந்த ஃபிரிட்டிலேரியா பூவைத் தேடிப் பாருங்கள். அந்தப் பூவின் இதழில் இயற்கையாகவே சதுரங்கக் கட்டங்கள் இருக்கும். நாற்காலியிலும் கதவிலும் சன்னலிலும் வாழ்நாள் முழுக்கச் சதுரத்தைப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒரு பூவில் அதைக் கண்டுபிடித்து, கட்டம் கட்டமாக எவ்வளவு ஆசையாகத் தீட்டியிருக்கிறார் என்று தெரியும். படத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி போட்டு, அதற்குள் பூவின் பெயர், ஊர், வருடம், கூட இருந்தவர்களின் முதலெழுத்துகளை எழுதுவது அவர் பழக்கம். பெரும்பாலும் மார்கரெட்டின் எழுத்துகளும் அதில் இருக்கும். பிளான் ஷீட்டின் மூலையில் வேலையின் பெயர், தேதி எல்லாம் எழுத நாங்கள் போடும் டைட்டில் பிளாக்கை நினைவுபடுத்தும் பெட்டி.

முதல் உலகப் போர்க்காலம். கடற்கரையில் மாலையில் விளக்கோடு நடக்கிற, எதிரி நாட்டுத் தலைநகரான வியன்னாவிலிருந்து வந்த கடிதங்கள் வைத்திருக்கிற புது ஆளை ஊரார் உளவாளி என்று சந்தேகப்பட்டார்கள். அந்த ஊரை விட்டே போகச் சொல்லிவிட்டார்கள். லண்டனில் செல்சி பகுதிக்குக் குடிபோனார். அங்கே இருந்தபடி 1916 வாக்கில் நார்தாம்டனில் ஒரு சின்ன வீட்டின் உள்ளே மாற்றம் செய்து கொடுத்தார். அந்தக் கூடத்தின் சுவர் கறுப்பு, அதன்மேல் வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள். இந்த முக்கோணங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1923-இல் தம்பதி தெற்குப் பிரான்ஸுக்குப் போகிறார்கள். பிறகு ஸ்பெயின் எல்லைக்கு அருகே போர் வாந்த்ர் என்ற துறைமுகத்தில் தங்குகிறார்கள். 1927 வரை தெற்குப் பிரான்ஸில் நாற்பதுக்கு மேற்பட்ட நீர்வண்ணங்கள் வரைந்தார். அவ்வளவு வருடத்துக்கு நாற்பது என்றால் எவ்வளவு மெதுவாக வேலை செய்திருப்பார் என்று பாருங்கள். மார்கரெட் வைத்தியத்துக்காக லண்டன் போயிருந்த 1927 கோடையில் அவளுக்கு எழுதிய கடிதங்களில், வெளியே உட்கார விடாமல் காற்று படுத்தும் பாட்டைப் பற்றிப் புலம்புகிறார். தாளைப் பிடித்துக்கொண்டு அகழிக்கரையில் உட்கார்ந்த யாருக்கும் அந்த வரிகள் புரியும்.

நீர்வண்ணம் என்றாலே நமக்கு ஈரத்தில் ஈரம் ஓடி, ஓரம் கரைந்து, பனி படர்ந்த மாதிரி ஒரு படம்தான் கண்ணில் வரும். இவர் படங்களில் எதுவும் கரையாது. முதலில் பென்சிலால் அழுத்தமான வரைபடம். அதற்குள் ஒவ்வொரு முகத்துக்கும், அதாவது சுவரிலும் பாறையிலும் தெரியும் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒரு தட்டையான நிறம், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல. வெயில் படும் முகம், நிழல் முகம், இரண்டுக்கும் நடுவில் உள்ள முகம். நார்தாம்டன் சுவரில் இருந்த அந்த முக்கோணங்கள் இங்கே மலையாகவும் கூரையாகவும் வந்து உட்காருகின்றன. மனிதர்கள் அநேகமாக இல்லை. பல படங்களில் வானமும் ஓரத்தில் ஒரு துண்டுதான். தேவைப்பட்டால் ஒரு வீட்டையோ குன்றையோ நகர்த்தி வைத்துக்கொள்ளவும் தயங்க மாட்டார்.

‘லெ ஃபோர் மையேர்’ என்ற 1927-ஆம் வருடப் படத்தின் அச்சு ஒன்று என் அலுவலகச் சுவரில் இருக்கிறது. கடலோரப் பாறையின் உச்சியில் ஒரு கோட்டை. படத்தின் பெரும்பகுதியைப் பாறையின் அடுக்குகளே எடுத்துக்கொள்கின்றன. ஒரு நாள் கம்பி விவரம் வாங்க வந்த மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “எந்த ஊர் கோட்டை சார் இது? பாறை எங்க முடியுது, கட்டினது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே. ஆனா ஒண்ணு, எதுவும் சரியாது. எல்லாம் கெட்டியா உக்காந்திருக்கு” என்றார். “பிரான்ஸ், அண்ணே” என்றேன். அவர் சொன்னதைவிட நல்ல விமர்சனம் நான் இதுவரை படிக்கவில்லை. அந்தப் பாறையில் ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ளதன் மேல் பாரத்தை இறக்குகிறது. எடை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று பல வருடம் யோசித்துப் பழகிய ஒருவரால்தான் ஒரு பாறையை அப்படிப் பார்க்க முடியும்.

வேலூரில் இருக்கிறவர்களுக்கு இந்தப் படம் அந்நியமாக இருக்காது. ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கருங்கல் குன்று, குன்றின் தலையில் ஒரு கோட்டைச் சுவர். கீழே விஜயநகரக் காலத்துப் பெரிய கோட்டை, சுற்றி அகழி. அதே கல், அதே நிறம். காலை வெயிலில் எது மலை எது மதில் என்று தள்ளி நின்று பிரிக்க முடியாது.

‘லா ரூ து சோலேய்’ (1926) எனக்கு இன்னும் பிடித்த படம். துறைமுகத்தின் ஓரத்து வீடுகளும், அவை தண்ணீரில் விழும் பிம்பமும். பிம்பத்தை மங்கலாக்கி விடாமல், நெளிநெளியான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தரைக்கல் பதிப்பதுபோலப் பதித்திருக்கிறார். ‘ஃபெட்ஜ்’ என்ற பிரனீஸ் மலைக் கிராமப் படத்தில் வயல்களும் கூரைகளும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கும். அது இப்போது லண்டன் டேட் காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. இதற்கு எதிர்ப்பக்கம், 1892-இல் வரைந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’ போன்ற ஆரம்பகாலக் கனவுருவங்கள் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. அழகுதான், ஆனால் அந்த மிதப்பில் இவருடைய பலம் இல்லை.

கட்டடக்காரனாக ஒரு குறையையும் சொல்லியே ஆக வேண்டும். ஹில் ஹவுஸ் வீட்டுக்கு வெளிப்புறம் முழுக்கப் போர்ட்லேண்ட் சிமென்ட் கலந்த கரடுமுரடான பூச்சு. சுவரின் தலையில் மழைநீரைத் தள்ளிவிடும் கல்விளிம்பு பல இடங்களில் இல்லை. வடிவம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை மழைக்கு அந்த ஆசை ஒத்துவரவில்லை. பூச்சில் விரிசல் விட்டு உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. 2019-இல் வீட்டையே மூடும் அளவுக்கு, பக்கமெல்லாம் உலோகச் சங்கிலி வலை போட்ட ஒரு பெரிய கூடாரத்தைக் கட்டிக் காய வைத்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு சுவாசிக்கும், சிமென்ட் பூச்சு அடைத்துக்கொள்ளும் என்று நம்மூர்ப் பழைய கொத்தனார் எவரும் சொல்லியிருப்பார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவருடைய மனம் வடிவத்தின் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. தாளில் மழை பெய்யாது, வாடிக்கையாளர் கிடையாது, பட்ஜெட் கிடையாது. அவர் விரும்பிய சுத்தமான முகங்கள் பாறையிலும் மதிலிலும் அங்கே தடையில்லாமல் கிடைத்தன. அதனால்தான் அந்த நாலு வருடத்தை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணக் கஷ்டம் உண்மை, வேலை வராத வருத்தமும் உண்மை. ஆனால் கை தளரவே இல்லை.

மார்கரெட்டை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடிக்கக் கூடாது. தேநீர் விடுதியிலும் ஹில் ஹவுஸிலும் இருக்கும், சாந்துப் பூச்சில் புடைப்பாகச் செய்த ஓவியப் பலகைகள் அவளுடைய கைவேலை. தன் கட்டட முயற்சிகளில் பாதி, இல்லை முக்கால்வாசி, நீதான் என்று அந்த 1927 கடிதங்களில் ஒன்றில் அவளுக்கு எழுதினார். அந்த வருடமே அவருக்கு உடல்நலம் கெட்டு லண்டன் திரும்பினார்கள், நாக்கில் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1928 டிசம்பரில் மெக்கின்டாஷ் இறந்தார், 1933 ஜனவரியில் மார்கரெட். அவர்கள் விட்டுப்போன ஓவியங்கள், நாற்காலிகள் எல்லாவற்றையும் சேர்த்து அன்றைக்கு 88 பவுண்டு சொச்சம் என்று மதிப்பிட்டார்கள்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹண்டேரியன் காட்சியகத்தில்தான் இவருடைய படைப்புகள் மிக அதிகம், பலவற்றை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் இத்தாலி வரைபடங்கள், அப்புறம் வால்பர்ஸ்விக் பூக்கள், கடைசியில் போர் வாந்த்ர் என்ற வரிசையில் பாருங்கள்.

நீங்களே முயன்று பார்க்க நினைத்தால், நம்மூர் வெயிலுக்கு இவருடைய முறை ரொம்பவே பொருந்தும். கோடையில் அகழிக்கரையில் ஒரு வாஷ் போட்டால் தூரிகை அடுத்த ஓரத்துக்குப் போவதற்குள் முதல் ஓரம் காய்ந்துவிடும். ஈரத்தில் ஈரம் விட்டு வேலை செய்கிறவர்களுக்கு அது தலைவலி. தட்டையான நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குகிறவருக்கு அதுவே வசதி, ஏனென்றால் ஒரு முகம் காய்ந்த கையோடு அடுத்ததை ஓரம் பிசகாமல் ஒட்டி வைக்கலாம். கனமான தாளாக எடுத்துக்கொள்ளுங்கள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் நல்லது. காலை நேரத்தில், வெயில் சாய்வாக விழுந்து கொத்தளங்களின் முகங்கள் தனித்தனியாகப் பிரியும்போதே பென்சில் வேலையையும் நிழல்களையும் முடித்துவிடுங்கள். உச்சிவெயில் ஏறிய பிறகு மதில் முழுக்க ஒரே நிறமாகிவிடும், பிறகு வரைய ஒன்றும் கிடைக்காது.