ஏஐ ஏஜென்ட்டுக்கு 'டூல் விளக்கம்' எதற்கு?
ஒரு மென்பொருள் கருவி என்ன செய்யும், எப்போது கூப்பிட வேண்டும், என்னென்ன கொடுக்க வேண்டும் என்று ஏஐ ஏஜென்ட்டுக்காக (கருவிகளைக் கூப்பிட்டுத் தானாக வேலையை முடிக்கும் ஏஐ) எழுதிவைக்கும் குறிப்புதான் டூல் விளக்கம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி முறையிலும் சரி, மற்றவற்றிலும் சரி, மாடல் (ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் ஏஐ) பொதுவாகப் பார்ப்பது கருவியின் பெயர், இந்தக் குறிப்பு, உள்ளீடுகளின் விவரம், அவ்வளவுதான். கருவிக்குள்ளே ஓடும் நிரல் அதன் கண்ணில் படாது. வெறுமனே 'தேதி' என்று போட்டால் 03/04/2025 என்று அனுப்பி வைக்கலாம், அது மார்ச்சா ஏப்ரலா? 'ஆண்டு-மாதம்-நாள், உதாரணம் 2025-04-03' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. பையனிடம் 'எண்ணெய் வாங்கிட்டு வா' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, நல்லெண்ணெய் எங்கே என்று திட்டுகிற கதைதான் (எந்த வீட்டில் நடக்கவில்லை!). அப்புறம், நீளமாக எழுதினால் நன்றாகப் புரியும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படியில்லை, தவிர மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவில் இந்தக் குறிப்பும் இடம் பிடிக்கும்.