நீங்கள் அடித்துவிட்ட ஆறு சொற்கள்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, ஒன்பதாம் வகுப்பு. எலி வீசல் எழுதிய 'நைட்' என்ற நினைவுக் குறிப்பு பள்ளியில் பாடமாக இருக்கிறது. ஹிட்லர் காலத்து யூத இனப்படுகொலையைப் பற்றியது. அதிலிருந்து 46 கடினமான சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து வாராவாரம் டெஸ்ட் வைக்கிறார்கள். முதல் டெஸ்ட்டில் 20-க்கு 11 வாங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அட்டை எழுதி, தினமும் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் நானே கேள்வி கேட்கிறேன். செலக்‌ஷன், டிரான்ஸ்போர்ட், எவாக்குவேஷன், சிம்னி, ரேஷன், ப்ளாக் இதெல்லாம் அவளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும் என்பதால் நேரம் மிச்சமாகட்டும் என்று அந்த ஆறையும் அடித்துவிட்டேன். மீதி நாற்பதுதான் பிரச்சினை. எமேசியேட்டட், பிரிமோனிஷன் போன்ற சொற்களை எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறாள். புத்தகத்தை எடுத்தால் பாதியில் மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். சொற்கள் மனதில் பதிய ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு தந்தை, நியூ ஜெர்சி

பதில்: தம்பி, சொற்களை மனப்பாடம் செய்ய வழி கேட்டு எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. பெரும்பாலும் நுழைவுத் தேர்வுக் கவலை. அவர்களுக்கு ஏதாவது ஒரு வழி சொல்லி அனுப்பிவிடுவேன். உங்களுக்கு அப்படி அனுப்பப் போவதில்லை. அரை மணி நேரம் அட்டையைக் காட்டிக் கேட்டும் நிற்காத சொல் ஒரு மணி நேரம் கேட்டாலும் நிற்காது. ஆறு சொற்களை அடித்துவிட்டேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

எதை வைத்து அடித்தீர்கள்? அகராதிப் பொருள் அவளுக்குத் தெரியும் என்பதை வைத்து. அந்தச் சொல் புத்தகத்தில் எங்கே வருகிறது என்று ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் உங்களுக்குப் பேனாவை எடுக்கக் கை வந்திருக்காது. 46-ல் அந்த ஆறுதான் கடினம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு செலக்‌ஷன் என்றால் என்னவென்று தெரியாது என்று நினைத்தா அந்த ஆசிரியர் அதைச் சேர்த்திருப்பார்?

சரி, செலக்‌ஷனையே எடுத்துக்கொள்வோம். நம் மொழியில் தேர்வு என்போம். டெஸ்ட்டுக்கும் அதே சொல்தான். வீசல் சிகெட் என்ற ஊரில் பிறந்தவர். டிரான்சில்வேனியாவில் இருக்கிறது, அப்போது ஹங்கேரியின் கையில் இருந்தது. கடை வைத்திருந்த குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு அக்கா, ஏழு வயதுத் தங்கை. 1944 மே மாதம் அத்தனை பேரையும் ரயிலேற்றி, போலந்தில் ஜெர்மானியர்கள் நடத்திய அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இறங்கியதும் ஒரு காவலன் சத்தம்கூடப் போடாமல் சொல்கிறான், ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். அவ்வளவுதான். அம்மா தங்கையின் தலைமுடியைத் தடவிக்கொண்டே நடந்துபோவதைப் பார்க்கிறான் பையன். அதுதான் கடைசி என்று அவனுக்குத் தெரியாது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

வரிசையில் ஒரு கைதி வந்து வயதைக் கேட்கிறார். பையன் பதினைந்து என்கிறான். இல்லை, பதினெட்டு என்று சொல் என்கிறார். அப்பா ஐம்பது என்கிறார். நாற்பது என்று சொல்லுங்கள் என்கிறார். அடுத்து மெங்கலே என்ற டாக்டர் முன்னால் போய் நிற்கிறார்கள். கையில் ஒரு சின்னக் கோல். என்ன வேலை என்று கேட்கிறான். படிக்கிற பையன் தன்னை விவசாயி என்று சொல்லிக்கொள்கிறான். அந்தக் கோல் அசைகிற பக்கம்தான் செலக்‌ஷன், ஒரு பக்கம் வேலைக்கு, மறுபக்கம் சாவுக்கு. அவுஷ்விட்ஸில் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் யூதர்கள்.

உங்கள் மகளுக்கும் வயது பதினைந்து. அந்தப் பக்கத்தைப் படித்த பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தால் அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதுவீர்களா?

டிரான்ஸ்போர்ட் என்றால் போக்குவரத்து. ஆமாம், ஐந்தாம் வகுப்புச் சொல்தான். அந்த ரயிலில் ஒரு பெட்டிக்கு 80 பேர். 1944 மே நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் கடக்கும்வரை, எட்டே வாரத்தில் ஹங்கேரியிலிருந்து சுமார் 4,40,000 யூதர்களை இப்படி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் அவுஷ்விட்ஸ்.

அதே பெட்டியில்தான் சிம்னியும் வருகிறது. ஷேக்டர் என்று ஒரு பெண், பத்து வயது மகனோடு வருகிறாள். நெருப்பு, நெருப்பு தெரிகிறது என்று இரவெல்லாம் அலறுகிறாள். வெளியே எட்டிப் பார்த்தால் இருட்டு மட்டும்தான். கூட வந்தவர்கள் அவளைக் கட்டிப்போட்டு, வாயை அடைத்து, மகன் பார்க்கவே அடிக்கிறார்கள். வண்டி கடைசியாக நின்றபோது எல்லோரும் பார்க்கிறார்கள், உயரமான ஒரு சிம்னியிலிருந்து தீ எழும்புகிறது. பிணங்களை எரிக்கிற உலை அது. பிரிமோனிஷன் மறந்துபோகிறது என்றீர்களே, அதற்கு அட்டை வேண்டாம். வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டால் போதும், ஆயுசுக்கும் மறக்காது. நீங்கள் சிம்னியை அடித்தபோது பிரிமோனிஷன் தொங்கிக்கொண்டிருந்த ஆணியைப் பிடுங்கிவிட்டீர்கள்.

எமேசியேட்டட் என்ற சொல்லுக்கும் இதையேதான் சொல்வேன். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். முகாமிலிருந்து விடுபட்ட பிறகு ஆஸ்பத்திரியில் அந்தப் பையன் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். ஊரில் இருந்தபோது பார்த்தது, அதற்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பிணம் அவனைப் பார்க்கிறது. 'மெலிந்த' என்று அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்திருப்பீர்கள். நானும் 28 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள். 'மெலிந்த' என்று எழுதி முழு மார்க் வாங்கிய பிள்ளைகளை ஒரு மாதம் கழித்துக் கேட்டால் திருதிருவென விழிப்பார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வீசல் இந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதவில்லை. முதலில் ஐரோப்பிய யூதர்கள் பேசும் யிட்டிஷ் மொழியில் இதைவிட நீளமாக எழுதினார், 1956-ல் அர்ஜென்டினாவில் வெளிவந்தது. சுருக்கிய பிரெஞ்சு வடிவம் 1958-ல், ஆங்கிலம் 1960-ல். 2006-ல் அவருடைய மனைவி மரியன் மறுபடி மொழிபெயர்த்தார். அதனால் பட்டியலில் இருக்கிற பெரிய பெரிய ஆங்கிலச் சொற்கள் மொழிபெயர்த்தவர் தேடி எடுத்துக்கொண்டவை. அவற்றுக்கு மாற்றுச் சொல் கிடைக்கும். இடது, வலது, பதினெட்டு, ரொட்டி, சூப் போன்றவற்றுக்கு மாற்றுக் கிடையாது. எந்த மொழியில் போட்டாலும் அதே கனம்தான்.

எவாக்குவேஷனையும் எவ்வளவு சுலபமாக அடித்துவிட்டீர்கள்! வெள்ளம் வந்தால் மக்களை மேட்டுக்குக் கொண்டுபோவார்களே, அதற்கு வைத்திருக்கும் சொல். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் ஓரத்தில் வான்சே என்ற இடத்தில் ஜெர்மன் அதிகாரிகள் கூடி ஒரு இனத்தையே அழிக்கத் திட்டம் பேசினார்கள். அந்தக் கூட்டத்தின் குறிப்பில் கொலை என்ற சொல் கிடையாது. கிழக்கு நோக்கி எவாக்குவேஷன் என்று எழுதிக்கொண்டார்கள். கஷ்டமான சொல்லைப் பார்த்தால் பிள்ளை அகராதியை எடுத்துவிடுவாள். இந்த மாதிரிச் சாதுவான சொல்லிடம்தான் ஏமாறுவாள். அதை அடையாளம் காண நாம்தான் பழக்கிவிட வேண்டும். நீங்கள் பார்க்காதே என்று அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அதே சொல் வீசலின் வாழ்க்கையில் எப்படி வருகிறது தெரியுமா? 1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கும்போது முகாமை எவாக்குவேட் செய்கிறார்கள். பையன் காலில் ஆபரேஷன் ஆகி அங்கே இருந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அங்கேயே இருந்தால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து அப்பாவும் மகனும் கிளம்புகிறார்கள். பனியில் ராத்திரி முழுக்க ஓட்டம், நின்றவனுக்குத் துப்பாக்கிக் குண்டு. ஆஸ்பத்திரியிலேயே இருந்தவர்களை ரஷ்யர்கள் வந்து மீட்டார்கள் என்பது போர் முடிந்த பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. அப்படி மீட்கப்பட்டவர்களில் ஒருவர் பிரைமோ லெவி, இத்தாலியைச் சேர்ந்த வேதியியலாளர். அவுஷ்விட்ஸின் ஒரு பகுதியாக, வீசல் இருந்த அதே மோனோவிட்ஸ் முகாமில் இருந்தவர்.

லெவியைச் சொல்லாமல் சொல் கற்பதைப் பற்றிப் பேசவே முடியாது. உத்தரவெல்லாம் ஜெர்மன் மொழியில். புரியாமல் நின்றவன் அடி வாங்கினான். ஜெர்மன் தெரியாத பலர் வந்து சில நாட்களிலேயே செத்துப்போனார்கள் என்று எழுதுகிறார். அவர் என்ன செய்தார் என்றால், ஜெர்மன் தெரிந்த ஒரு சக கைதியிடம் ராத்திரி படுத்த பிறகு குசுகுசுவென்று பாடம் கேட்டார். ஃபீஸ் என்ன தெரியுமா? தன் பங்கு ரொட்டி. பசியில் சாகிற இடத்தில் ரொட்டியைக் கொடுத்துச் சொல் வாங்கினார். அதைவிட நல்ல செலவு இல்லை என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். அந்த முகாம் பேச்சில் 'நாளைக் காலையில்' என்றால் 'ஒருபோதும் இல்லை' என்று பொருளாம். அகராதியில் தேடினால் கிடைக்குமா?

இனி ரேஷனும் ப்ளாக்கும். இந்த இரண்டைத்தான் நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஒரு அப்பா. கடைசியாகப் போய்ச் சேர்ந்த புக்கன்வால்ட் முகாமில் வீசலின் அப்பா வயிற்றுப்போக்கில் கிடக்கிறார். ப்ளாக் என்றால் அங்கே கைதிகளை அடைத்துவைத்த கொட்டகை. ப்ளாக்கின் தலைவன் பையனிடம் வந்து அறிவுரை சொல்கிறான். உன் ரொட்டியையும் சூப்பையும் கிழவனுக்குக் கொடுக்காதே, அவர் பிழைக்கமாட்டார், இங்கே அப்பனும் இல்லை அண்ணனும் இல்லை, நியாயமாகப் பார்த்தால் அவருடைய ரேஷனையும் நீதான் சாப்பிட வேண்டும் என்கிறான். ஒரு நொடி பையனுக்கு அது சரியென்று படுகிறது. உடனே மனம் குத்த, ஓடிப்போய் சூப் வாங்கிக்கொண்டு வருகிறான் அப்பாவுக்கு. அந்த ஒரு நொடியை ஒளிக்காமல் எழுதினாரே, அதற்காகவே இந்தப் புத்தகத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அதற்குப் பிறகு அப்பா போய்விடுகிறார். விளக்கு இல்லை, பிரார்த்தனை இல்லை. கடைசியாக அவர் வாயில் வந்தது மகனின் பெயர். மகன் பதில் சொல்லவில்லை. யூதர்களில் இறந்த பெற்றோருக்காகப் பிள்ளை சொல்ல வேண்டிய பிரார்த்தனையின் பெயர் காதிஷ். பிள்ளை செய்ய வேண்டிய கடன் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கும் முன்னால், செலக்‌ஷனில் தன் எண்ணை எழுதிக்கொண்டார்கள் என்று நினைத்த அப்பா தன்னிடம் இருந்த ஒரு கத்தியையும் ஒரு கரண்டியையும் மகன் கையில் திணிக்கிறார். அதுதான் அவர் விட்டுப்போகக்கூடிய சொத்து. அன்றைக்குத் தப்பிவிடுகிறார், ஆனால் அந்த இடத்தைப் படிக்கும்போது உங்கள் மகள் யாரை நினைத்திருப்பாள்? அடுத்த அறையில் அட்டை எழுதிக்கொண்டிருந்த உங்களைத்தான்.

கண்டிப்பாகச் சொல்கிறேன், பிள்ளை படிக்கிற புத்தகத்தைத் தானும் படிக்காத பெற்றோருக்கு அதில் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. கிளாஸில் பார்த்துக்கொள்வார்கள் என்று விட இது கணக்குப் பாடம் இல்லை. உங்கள் மாநிலம் 1994-ல் சட்டம் போட்டு இந்த வரலாற்றைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது 20-க்கு 20 வாங்க வைக்க அல்ல. இவ்வளவு பெரிய துக்கத்தை ஒரு பதினைந்து வயதுப் பெண் தனியாகச் சுமக்கிறாள். கூட உட்கார வேண்டிய அப்பா எழுத்துப் பிழை பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் போய்வந்து களைத்திருப்பீர்கள், புரிகிறது. நூற்றைம்பது பக்கம்கூட இல்லாத சின்னப் புத்தகம். இரண்டு ராத்திரி போதும்.

டெஸ்ட்டும் முக்கியம்தான், அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்க எண், அந்த இடத்தில் இருக்கும் ஆள், அவர் என்ன செய்கிறார் என்று அவள் சொந்த வாக்கியத்தில் ஒரு வரி, கடைசியாகத்தான் அகராதிப் பொருள். காதிஷ், காப்போ (மற்றக் கைதிகளை மேய்க்க வைத்த கைதி) போன்ற பிறமொழிச் சொற்களைத் தனிப் பக்கத்தில் எழுதட்டும், அவற்றுக்குக் கதை தெரிந்தால்தான் பொருள் புரியும். ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். சாப்பாடு முடிந்த கையோடு இந்தப் புத்தகத்தில் கேள்வி கேட்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள், அப்புறம் பக்கத்தில் உட்காருங்கள்.

முதல் வேலை, அந்தப் பட்டியலை எடுத்து நீங்கள் அடித்த ஆறு சொற்களையும் உங்கள் கையாலேயே திரும்ப எழுதுங்கள். இந்த ஆறுக்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை, நீ சொல்லிக்கொடும்மா என்று அவளிடம் நீட்டுங்கள். செலக்‌ஷனில் தொடங்கட்டும்.