கடன் முடிந்த வீடு, வில்லங்கத்தில் முடியாத அடமானம்

கேள்வி: குரோம்பேட்டையில் ஒரு பழைய ஃபிளாட் பேசி வைத்திருக்கிறோம், 58 லட்சம். வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தால் 2014-ல் வங்கியில் பத்திரத்தை அடமானம் வைத்த பதிவு இருக்கிறது. "லோன் எப்பவோ முடிஞ்சுது, பேங்க் லெட்டரே இருக்கு" என்கிறார் விற்பவர். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். கடைசித் தவணையைக் கட்டியதும் அடமானப் பதிவு தானாக நீங்கிவிடாது. கடன் வாங்கும்போது பத்திரத்தை ஒப்படைத்ததாக ஓர் ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது. கடன் முடிந்ததும், அது அடைந்துவிட்டது என்று வங்கித் தரப்பில் கையெழுத்திட்டு ரசீது ஆவணம் பதிய வேண்டும். பலர் வங்கிக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டை விற்க வரும்போதுதான் இது தலைதூக்கும்.

ரசீது பதிந்த பிறகும் வில்லங்கத்தில் பழைய அடமானப் பதிவு அழியாது, பயப்படாதீர்கள். அதற்குக் கீழே ரசீது என்று புதிதாக ஒரு பதிவு வரும். அதில் 'முந்தைய ஆவண எண்' என்ற இடத்தில் அந்த 2014 ஆவணத்தின் எண் இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். அதே வங்கியில் டாப்-அப் கடனும் (முதல் கடனுக்கு மேல் கூடுதலாக வாங்குவது) வாங்கியிருந்தால் இரண்டு அடமானங்கள் இருக்கும். ரசீதும் இரண்டையும் தீர்ப்பதாக இருக்க வேண்டும்.

அப்புறம், அசல் பத்திரம். ஜெராக்ஸ் வேண்டாம், அசலையே, தாய்ப்பத்திரத்தோடு (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "இன்னும் பேங்கில்தான் இருக்கு" என்றால், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் வங்கி அசலைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்கித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதி இது. தாமதம் வங்கியின் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். இதை விற்பவரிடம் சொல்லுங்கள், வேலை வேகமாக நடக்கும்.

ரசீது பதிந்து, வில்லங்கத்தை மறுபடி போட்டுப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். அதையும் ரொக்கமாக வேண்டாம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். வெறும் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வது புரோக்கருக்குத்தான் சௌகரியம்.

விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால், ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. அட்வான்ஸுக்கும் இது உண்டு. அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஹால் சீலிங்கில் ஈரம் படர்கிறது. மேல்வீட்டு பாத்ரூம்தான் காரணம் என்கிறோம், அவர்கள் இல்லை என்கிறார்கள்.

பதில்: சண்டைக்கு முன் ஒரு சோதனை. ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்த பாத்ரூமை இரண்டு நாள் உபயோகிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். டேங்க் வால்வை மூட வேண்டாம். ஈரம் அப்போதும் கோட்டைத் தாண்டினால், தண்ணீர் வரும் குழாயில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். காயத் தொடங்கினால், கழிவுநீர்க் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ பார்க்க வேண்டும். மழை நாளில் இதைச் செய்தால் ஒன்றும் புரியாது. எது என்று தெரியும்வரை பெயிண்டரைக் கூப்பிட வேண்டாம்.