அமெரிக்கக் கிராமங்களில் கடவுள் பக்தி எப்படி இருக்கிறது? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

அயோவா மாநிலத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஒரு தானியக் கிடங்கு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு லூத்தரன் சர்ச், சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும். அவ்வளவுதான் ஊர்.

பக்தி உண்டு, ஆனால் சத்தமே இல்லாத பக்தி. இத்தனை வருடத்தில் என்னிடம் மதம் பற்றிப் பேச்செடுத்தவர் ஒரே ஒருவர். அவரும் வெளியூர்க்காரர்.

இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கொஞ்சமாவது பிடிபட்டது சர்ச்சுக்குப் பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில்தான். பழைய கற்களெல்லாம் ஜெர்மன். 'ஹியர் ரூட் இன் கோட்', அதாவது இங்கே கடவுளுக்குள் இளைப்பாறுகிறார். இரண்டு வரிசை தாண்டினால் சட்டென்று ஆங்கிலம். குடும்பப் பெயர் மட்டும் அதேதான். அப்பா ஜெர்மனில் படுத்திருக்கிறார், மகன் ஆங்கிலத்தில்.

முதல் உலகப் போர் சமயம், அமெரிக்கா ஜெர்மனியோடு சண்டையில் இருந்தது. 1918 மே 23 அன்று அயோவா கவர்னர் வில்லியம் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளிக்கூடம், ரயில், பொது இடம், டெலிபோன் எங்கேயும் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். சர்ச் பிரசங்கமும் அப்படியே. ஆங்கிலம் தெரியாதவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து கும்பிட்டுக்கொள்ளலாமாம். குறி ஜெர்மன்காரர்கள்மீது என்றாலும் நார்வே, டச்சு, செக் குடும்பங்களும் மாட்டிக்கொண்டன. டிசம்பரில் உத்தரவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பயத்தை யார் திரும்பப் பெறுவது?

பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் இதற்கென்று சட்டமே வந்தது. 1920-ல் ராபர்ட் மேயர் என்ற வாத்தியார் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் பைபிள் கதை சொல்லிக்கொடுத்தார். 25 டாலர் அபராதம். விடாமல் சுப்ரீம் கோர்ட் வரை போய் 1923-ல் ஜெயித்தார். ஆனால் அதற்குள் நிறைய சர்ச்சுகளில் ஆராதனை ஆங்கிலத்துக்கு மாறிவிட்டிருந்தது.

'இங்கு தமிழிலும் அர்ச்சனை செய்யப்படும்' என்ற போர்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். சாமிக்கு எந்த பாஷை என்ற வழக்கு நமக்குப் புதிதில்லை. ஆனால் போனில் அம்மாவிடம் தமிழில் பேசாதே என்று யாரும் என்னைத் தடுத்ததில்லை.

போன அக்டோபரில் சர்ச் கீழ்த்தளத்தில் பாட்லக். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சாப்பாடு. பச்சை ஜெல்லி சாலட் பக்கத்தில் என் எலுமிச்சை சாதம். எதிரே எண்பத்தாறு வயதுப் பாட்டி. தட்டைத் தொடும் முன் தலை குனிந்து ஏதோ முணுமுணுத்தார்: 'கோம், ஹேர் யேசு, ஸை உன்ஸர் காஸ்ட்.' வாரும் ஆண்டவரே, எங்கள் விருந்தாளியாக இரும்.

"ஜெர்மன் தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"இந்த ஒரு ஜெபம்தான். என் பாட்டி சொல்லிக்கொடுத்தது. மற்றதெல்லாம் போயே போச்சு."

பிறகு எலுமிச்சை சாதத்தில் கருப்பாகக் கிடப்பது என்ன என்று கேட்டார். கடுகு என்றேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.