ஆண்ட்ரோமெடாவைப் படமெடுக்க 675 மடங்கு எதற்கு?

கேள்வி: என்னிடம் கேனான் 200டி கேமராவும் அதனுடன் வந்த 18–55 மி.மீ. லென்சும் இருக்கின்றன. பால்வழி, ஓரியன் நட்சத்திரக் கூட்டம், ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் ஆகியவற்றை அகலமாகப் படமெடுக்க ஆசை. 130 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள தொலைநோக்கியை, முக்காலி, கேமரா இணைப்பு வளையம் எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். 675 மடங்கு பெரிதாகக் காட்டுமாம். வாங்கலாமா? – ஒரு வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திரும்பக் கேளுங்கள்.

அந்த 675 எங்கிருந்து வருகிறது தெரியுமா? 900 மி.மீ. குவியத் தொலைவை 4 மி.மீ. கண்ணருகு லென்சால் வகுத்தால் 225. அதன்மேல் மூன்று மடங்கு பெருக்கும் ஒரு மலிவு லென்சைச் செருகினால் 675. கணக்கு சரி, காட்சி சரியல்ல. 130 மி.மீ. விட்டமுள்ள கருவி தெளிவு கெடாமல் தாங்கும் உச்சம், நல்ல இரவிலும் ஏறத்தாழ 260 மடங்குதான். அதற்கு மேல் மங்கல் மட்டுமே பெரிதாகும். தவிர, கேமராவைப் பொருத்தும்போது கண்ணருகு லென்சையே கழற்றிவிடுகிறோம். உங்கள் வேலைக்கு அந்த எண்ணே பொருளற்றது. தவறான விளம்பரத்துக்குத் தண்டனை தரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இலேயே நிறைவேறிவிட்டது. இருந்தும் அட்டைப்பெட்டிக்கு அட்டைப்பெட்டி இந்தப் பொய் அச்சாகி விற்கிறது, கேட்பாரில்லை.

படத்துக்கு வேண்டியது பரப்பு. முழுநிலவின் அகலம் அரைப் பாகை. ஆண்ட்ரோமெடாவின் நீளம் சுமார் மூன்று பாகை, அதாவது ஆறு நிலவுகளை வரிசையாக வைத்த அளவு. உங்கள் கேமராவின் உணரி, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு (சென்சார்), 22 மி.மீ. அகலம் கொண்டது. 900 மி.மீ. தொலைநோக்கியில் அது பார்ப்பது 1.4 பாகை மட்டுமே, ஆண்ட்ரோமெடாவில் பாதிகூட அடங்காது. அதே கேமராவில் 135 மி.மீ. லென்சைப் பொருத்துங்கள், ஒன்பது பாகைக்கு மேல் கிடைக்கும்.

இன்னொரு வலையும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. உங்கள் கேனான் கேமராவில் உணரி, லென்ஸ் பொருத்தும் வளையத்திலிருந்து 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த மலிவான பிரதிபலிப்புத் தொலைநோக்கிகளின் (கண்ணாடியால் ஒளியைக் குவிப்பவை) குவியம் அவ்வளவு தூரம் எட்டாது. இணைப்பு வளையம் கச்சிதமாகப் பொருந்தும், நட்சத்திரம் மட்டும் கடைசிவரை புள்ளியாகாது. விற்றவரைக் கேட்டால் இன்னொரு லென்சை வாங்கச் சொல்வார்.

முதல் செலவை ஸ்டார் டிராக்கருக்குச் செய்யுங்கள். பூமி சுழலும் வேகத்தில் எதிர்த்திசையில் கேமராவைத் திருப்பும் சிறு மோட்டார் கருவி அது. ஸ்கைவாட்சர் ஸ்டார் அட்வென்சர் 2ஐ, ஐஆப்ட்ரான் ஸ்கைகைடர் புரோ ஆகியவை சுமார் 5 கிலோ வரை தாங்கும், உங்களுக்கு அது தாராளம். இது இல்லாவிட்டால் 135 மி.மீ. லென்சில் அரை விநாடிக்குள்ளேயே நட்சத்திரம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். பால்வழி மட்டும் போதும் என்றால் டிராக்கரும் வேண்டாம். இருக்கும் லென்சை 18 மி.மீ.யில் வைத்து, ஆடாத முக்காலியில் 10 முதல் 15 விநாடிவரை எடுங்கள்.

லென்சுக்கு என் பரிந்துரை சாம்யாங் 135 மி.மீ. எஃப்/2. குவியத்தைக் கையால் திருப்ப வேண்டும், விண்படத்துக்கு அதுவே நல்லது. பணம் இடித்தால் 50 மி.மீ. எஃப்/1.8 லென்சை வாங்கி, ஒளி புகும் துளையை எஃப்/4 அளவுக்குச் (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) சுருக்கிப் பயன்படுத்துங்கள். கண்ணாடிக்குப் பதில் லென்சால் ஒளியைக் குவிக்கும் சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கியை அடுத்த வருடம் யோசிக்கலாம். அதை விற்பவர்கள் ஓரத்து நட்சத்திரங்களைச் சீராக்கும் தட்டையாக்கி லென்சைச் சேர்க்காமல் விலை சொல்வார்கள். அதுவும் சரியான இடைவெளி வளையமும் சேர்ந்த மொத்த விலையைக் கேட்காமல் பேச்சைத் தொடராதீர்கள்.

இனி, வெளிநாட்டு வழிகாட்டிகள் எழுதாத ஒரு சங்கதி. டிராக்கரின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும் என்பது விதி. அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரம் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. தேனியில் அது 10 பாகைதான். வடக்கே ஒரு தென்னந்தோப்போ, எதிர்வீட்டு மாடியோ, மலையோ இருந்தால் போயிற்று. மேற்கு மலையடிவாரத்தில் பனிமூட்டமே அதை மறைத்துவிடும். இதற்காக மனம் தளர வேண்டாம். கைப்பேசித் திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு ஒன்றிரண்டு பாகைக்குள்தான். இரும்பு முக்காலிக்கும் காருக்கும் அருகில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாய்வுமானியால் அச்சை 10 பாகை உயர்த்துங்கள். ஒரு பாகை பிசகினாலும், 135 மி.மீ. லென்சில் 30 விநாடிப் படத்தில் நட்சத்திரம் ஒன்றரை பிக்சலுக்கு மேல் இழுபடாது. இரண்டு பாகை பிசகினால் நேரத்தை 15 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். இப்படி நூறு, இருநூறு படங்கள் எடுத்து சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள், இரண்டும் இலவசம். பின்னாளில் பெரிய மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அடித்தாங்கி) வாங்கினால், அதன் அச்சு எத்தனை பாகைவரை தாழும் என்று எழுத்தில் கேளுங்கள். குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த சில மவுண்ட்கள் 15 பாகைக்குக் கீழே இறங்குவதே இல்லை. நம் விற்பனையாளர்களில் பலருக்கு இந்தக் கேள்வியே புதிது.

தாழ்ந்த அட்சரேகை தரும் வரத்தையும் சொல்ல வேண்டும். பால்வழியின் மையம் லண்டனில் அடிவானத்திலிருந்து 10 பாகைகூட உயராது, தேனியில் 51 பாகைவரை ஏறும். தென்வானத்தில் ஒளிரும் வாயு மேகமான கரீனா நெபுலாவும் உங்களுக்கு எட்டும். ஓரியனுக்கும் கரீனாவுக்கும் பிப்ரவரி இரவுகள், பால்வழி மையத்துக்கு மார்ச், ஏப்ரல் பின்னிரவுகள். ஆண்ட்ரோமெடா பருவமழையில் மாட்டிக்கொள்ளும். டிசம்பர் கடைசியில் மேகம் விலகினால் முன்னிரவிலேயே பிடித்துவிடுங்கள். ஒளிமாசு வடிகட்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள். தெருவெங்கும் எல்.இ.டி. விளக்கு வந்தபின் அவை பெரும்பாலும் பயனற்றவை. அந்தப் பணத்தில் இருண்ட இடத்துக்குப் பயணம் செய்யுங்கள்.

வாங்கும் இடம்தான் மிச்சம். இறக்குமதி வரியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து, படிப்புக்குரிய கருவியை நகைபோல விலையேற்றிவிடுகின்றன. அந்த இடைவெளியில்தான் ரசீதில்லாத இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். மோட்டார் பழுதானால் அவர்கள் கைப்பேசியை எடுக்க மாட்டார்கள். வரி எண்ணுள்ள ரசீதும் இந்திய உத்தரவாதமும் இல்லாமல் டிராக்கரை வாங்காதீர்கள். லென்சை மட்டும் பழையதாக வாங்கலாம். வாங்குமுன் துளையை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் வெண்மை தெரிந்தால் அது பூஞ்சை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.