நுண்ணறிவு வினாக்கள்: இந்த வாரம் கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். தர்க்க வினாக்கள்தான் என் பக்கம். மற்றவற்றுக்கு வழி மட்டும் காட்டுவேன்.

ஏறாவூர்: சேர், மாதிரித்தாளில் வந்தது: "கல்முனை காத்தான்குடிக்கு வடக்கே உள்ளது. காத்தான்குடி ஏறாவூருக்கு வடக்கே உள்ளது. மூன்றில் தெற்கே இருப்பது எது?" கல்முனை என்று போட்டேன், பிழை என்கிறார்கள்.

பிழைதான் தம்பி. ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை என்று பஸ்ஸில் போய்ப் பழகிய பாதை உங்கள் மனதில் ஓடிவிட்டது. தந்த இரண்டு வரியின்படி ஏறாவூர்தான் தெற்கு. வரி உண்மையா என்று வினா கேட்கவில்லை. தந்த வரிக்கு வெளியே கால் வைக்காதீர்கள்.

களுவாஞ்சிக்குடி: "அனுமதி அட்டை இருந்தால் மட்டுமே மண்டபத்துக்குள் விடுவார்கள். கமலாவிடம் அட்டை இருக்கிறது. ஆகவே கமலாவை உள்ளே விடுவார்கள்." சரியா சேர்?

இல்லை தங்கச்சி. அட்டை இல்லாதவரை விடமாட்டார்கள் என்பது மட்டுமே உறுதி. அட்டை இருந்தும் தேசிய அடையாள அட்டையை மறந்து வந்தவரைத் திருப்பி அனுப்பலாம். 'மட்டுமே' இல்லாமல் "அட்டை இருந்தால் விடுவார்கள்" என்று வந்திருந்தால் கமலா உள்ளேதான். ஆனால் அப்போது, உள்ளே இருப்பவரைக் காட்டி இவரிடம் அட்டை இருக்கிறது என்று முடிவெடுக்க முடியாது. இந்த 'மட்டுமே'யைக் கண்டால் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

சம்மாந்துறை: விண்ணப்ப முடிவுத் திகதி எப்போது?

வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பாருங்கள்.

வாழைச்சேனை: வட்ட மேசை வினாவில் இடமும் வலமும் குழம்புது அண்ணன்.

எல்லோரும் நடுவைப் பார்த்து இருந்தால் ஒவ்வொருவரின் இடப்பக்கமும் மணிக்கூட்டு முள் சுற்றும் திசை, வலம் அதற்கு எதிர். வெளியே பார்த்து இருந்தால் இரண்டும் மாறும். ஆட்களை அடுக்க முதல் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று: "எல்லா மீனவர்களும் நீச்சல் தெரிந்தவர்கள். நீச்சல் தெரிந்த சிலர் பாடகர்கள். ஆகவே சில மீனவர்கள் பாடகர்கள்." இது ஏன் பிழை?

நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஒரு பெரிய வட்டம், அதற்குள் மீனவர்களுக்கு ஒரு சின்ன வட்டம். பாடகர்கள் எல்லோரும் பெரிய வட்டத்தில், சின்னதற்கு வெளியே இருந்துவிட்டால்? தந்த இரண்டு வரியும் உண்மை, முடிவு பொய். அப்படி ஒரு படம் கீற முடிந்தால் போதும், முடிவு விழுந்துவிட்டது. ஊரில் பாடும் மீனவர்கள் இருக்கிறார்களே என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறார்கள். தந்த வரிக்குள் அவர்கள் இல்லை.

கல்முனை, அளவையியல் படிப்பிக்கும் ஆசிரியர்: "எல்லா மீனவர்களும் நீச்சல் தெரிந்தவர்கள்" என்றால் "சில மீனவர்கள் நீச்சல் தெரிந்தவர்கள்" என்று எடுக்கலாம்தானே? போன வாரம் ஏன் மறுத்தீர்கள்?

நல்ல கேள்வி சேர். அரிஸ்டாட்டில் வழியில் எடுக்கலாம். அங்கே பேசப்படும் வகுப்பில், அதாவது இங்கே மீனவர் கூட்டத்தில், ஆள் இருப்பதாக முதலே ஏற்றுக்கொள்கிறோம். 19ஆம் நூற்றாண்டில், அளவையியலைக் கணிதமாக எழுதிய ஜோர்ஜ் பூல் வழி வந்தவர்கள் அந்த ஏற்பை விட்டார்கள். 1880இல் ஜோன் வென் தந்த வட்டப் படத்தில் 'எல்லா' என்பதற்கு நீச்சல் தெரியாத மீனவர் பகுதியை நிழலிட்டு அடைக்கிறோம், அவ்வளவுதான். எங்கும் ஆள் இருப்பதாகக் குறி போடுவதில்லை. "கைப்பேசியுடன் வரும் எல்லோரும் வெளியேற்றப்படுவர்" என்று மண்டபத்தில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். ஒருவரும் கைப்பேசி கொண்டுவராவிட்டாலும் அந்த வரி பொய்யாகாது. ஆனால் "சிலர் வெளியேற்றப்பட்டனர்" என்பது பொய்.

அதே ஆசிரியர்: கைப்பேசி சரி. மீனவர் இல்லாத மட்டக்களப்பு உண்டா?

இல்லை. ஆனால் மீனவர் இருப்பது நமக்குத் தெரிந்த விடயம், வரியில் உள்ளதல்ல. ஏறாவூர்த் தம்பிக்கு ஒரு நியாயம், உங்களுக்கு வேறு நியாயம் என்று நான் சொல்ல முடியாது. பிள்ளைகள் அரிஸ்டாட்டிலின் மரபுமுறையில் படிக்கிறார்கள் என்றால் அதை முதலில் சொல்லிவிட்டு 'சில'வை எடுக்கச் சொல்லுங்கள். அப்போது உங்களுடன் எனக்குச் சண்டையில்லை.

பொத்துவில், செங்கலடி, இன்னும் பலர்: விரைவாகச் செய்யக் குறுக்குவழி?

போன வாரமும் இதையே கேட்டீர்கள். படம் கீறுங்கள். கீறப் பழகினால் வேகம் தானாக வரும்.

ஆரையம்பதி: 3.15க்கு முட்களுக்கு இடையே கோணம் பூச்சியம்தானே?

ஏழரைப் பாகை. கால் மணித்தியாலத்தில் சின்ன முள் மூன்றைத் தாண்டி அவ்வளவு நகர்ந்திருக்கும்.