கேபிளைக் கழற்றிய பின்பும் அலை வருவது ஏன்?

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பணிபுரிகிறேன். 10 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையின் அதிர்வெண்ணைப் பாதியாக்கும் சில்லு ஒன்றில், உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றிய பின்பும் வெளியீட்டில் அலை தெரிகிறது. சில்லு பழுதா?
– வாசகர், பினாங்கு

பதில்: பழுதென்று ஒதுக்கிவிடாதீர்கள், அது ஃபிளிப்-ஃபிளாப் (இரு நிலைகளுக்கிடையே மாறி மாறித் தாவும் சுற்று) வகை வகுப்பியாக, அதாவது அதிர்வெண்ணை வகுக்கும் சில்லாக, இருந்தால் அது இயல்பே.

பொத்தான் வைத்த பேனாவில் ஒருமுறை அழுத்தினால் முனை வெளியே வருகிறது, மறுமுறை அழுத்தினால் உள்ளே போகிறது. முனை ஒருதரம் வந்துபோக விரல் இருதரம் அழுத்தவேண்டும். ஃபிளிப்-ஃபிளாப்பும் அப்படித்தான். அதில் இரண்டு லாட்ச்கள் (திறந்திருக்கையில் சைகையைக் கடத்தி, மூடியதும் கடைசி நிலையைப் பிடித்துவைக்கும் சுற்றுகள்) அடுத்தடுத்து நிற்கின்றன. அலை ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது மற்றொன்றும் திறக்கின்றன. கடைசி வெளியீட்டைத் தலைகீழாக்கி முதல் லாட்சுக்கே திருப்பிவிடுவதால், உள்ளீட்டில் இரு சுழற்சிகள் முடிந்தால்தான் வெளியீட்டில் ஒன்று முடியும்.

கேபிளைக் கழற்றியதும் உள்ளீட்டின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் நின்றுவிடுகின்றன. அப்போது லாட்ச்கள் இரண்டும் பாதி திறந்தே இருப்பதால், தலைகீழாகத் திரும்பும் சைகை எங்கும் தடைபடாமல் வளையத்தைச் சுற்றிவந்து, தானே ஓர் அலைவாகிவிடுகிறது. அந்த அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதன் இரு மடங்குக்கு அருகில் உள்ளீடு கொடுத்தால், மிகக் குறைந்த திறனிலேயே சில்லு சரியாக வகுக்கும். அலைவு தொல்லையாக இருந்தால், இரு முனைகளுக்கிடையே ஒரு சிறிய மின்னழுத்த வேறுபாடு வைத்து அடக்கலாம். உணர்திறன் சற்றுக் குறையும், அவ்வளவுதான். மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் சைன் அலை கொடுக்கும்போது கணக்குத் தப்புவதும் இதனால்தான்: இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் அந்தச் சமநிலையை அலை மெதுவாகக் கடப்பதால் இடையில் அலைவு தலைகாட்டிவிடுகிறது. சதுர அலை கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆர். எல். மில்லர் 1939இல் விவரித்த வகுப்பி வேறு வகை. அதில் 10 கிகாஹெர்ட்ஸ் உள்ளீடும், வெளியீட்டிலிருந்து திரும்பிவரும் 5 கிகாஹெர்ட்ஸும் மிக்சர் என்னும் கலப்பியில் கலந்து, அவற்றின் வித்தியாசமும் கூட்டலுமான 5, 15 என இரண்டைத் தருகின்றன. ஃபில்டர் 15ஐத் தடுக்க, மீந்த 5 பெருக்கியில் வலுப்பெற்று மீண்டும் மிக்சருக்குப் போகிறது. உள்ளீடு நின்றால் கலக்க ஒன்றும் இல்லாததால் வெளியீடும் அடங்கிவிடும். உங்கள் சில்லு இவ்வகையைச் சேர்ந்ததாக இருந்தால் மட்டும், உங்கள் சந்தேகம் நியாயமானதே.